நெல் ஏற்ற இரண்டு சக்கர டிரெய்லரா, நாலு சக்கரமா?

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை முடிந்து, களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றும்போது வரும் கேள்வி இது. வயலுக்குள் இறங்க வேண்டுமென்றால் என் ஓட்டு இரண்டு சக்கரத்துக்குத்தான். பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்தில் இறங்கும்; ஈரத் தரையிலும் வழுக்காமல் பிடித்து இழுக்கும்.

ஆனால் மூட்டைகளை முன்பக்கமே குவித்துவிட்டால், ஆற்றங்கரை ஏற்றத்தில் டிராக்டர் மூக்கைத் தூக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். சரி என்று பின்னால் தள்ளி அடுக்கினால் கொக்கி மேல்நோக்கி இழுபட்டு, பின் சக்கரம் பிடி விடும். 40 கிலோ மூட்டையில் பத்தை இடம் மாற்றினாலே 400 கிலோ நகர்கிறதே! முதலில் அச்சுக்கு மேல் அடுக்கிவிட்டு, அப்புறம் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வைப்பது என் வழக்கம்.

நாலு சக்கரத்தில் இந்தத் தலைவலி கிடையாது. பாரம் ஏறக்குறைய முழுக்க அதன் அச்சுகளிலேயே நிற்கும். தார்ச்சாலையில் தூரம் போக சுகம். ரிவர்ஸ் எடுப்பதுதான் கொடுமை. முன் அச்சு தனியாகத் திரும்பிக்கொள்ளும். போன மாசியில் மூன்று தடவை முயன்று, கடைசியில் கொக்கியைக் கழற்றி ஆள் வைத்துத் தள்ளினோம்.