9 எம்.எம்.மா, ஃபார்ட்டியா?

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, இரண்டு பிஸ்டல்களையும் காலி என்று திறந்து காட்டிவிட்டு அருகருகே வைத்தார். க்ளாக் 17, க்ளாக் 22. எது எது என்று பார்த்த உடனே சொல்ல முடியவில்லை. ஒரே நீளம், ஒரே பிடி, ஒரே கறுப்பு. ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், பொறித்த எண்ணைக் குனிந்து படித்தபிறகுதான் தெரிந்தது. முதலாவது 9 எம்.எம். இரண்டாவது .40 எஸ் அண்ட் டபிள்யூ, கடைப்பேச்சில் 'ஃபார்ட்டி'. குண்டின் குறுக்களவு ஒன்றில் 9 மில்லிமீட்டர், மற்றதில் 10-க்குக் கொஞ்சம் மேல். இந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்காக அமெரிக்காவில் முப்பது வருஷமாக வாய்ச்சண்டை நடக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கென்று முதல் பிஸ்டல் வாங்குபவர் 9 எம்.எம். வாங்கட்டும். அதற்காக ஃபார்ட்டியை மட்டமான தோட்டா என்று நினைக்க வேண்டாம். அது பிறந்த நேரத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் இன்றைக்கும் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. இந்திய ஆயுதச் சட்டப்படி 9 எம்.எம். தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் கிடைத்தாலும் .32, .22 என்றுதான் போக வேண்டும். அமெரிக்காவிலும் நம் ஆட்கள் எல்லாரும் நேராகக் கடைக்குப் போய்விட முடியாது. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வாங்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் இருக்கின்றன. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி.

சரி, கதைக்கு வருவோம். 9 எம்.எம். ஜெர்மனியில் கேயோர்க் லூகர் 1902-இல் கொண்டுவந்த தோட்டா. அதற்கு ஆகாத காலம் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் தொடங்கியது. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் எட்டுப் பேர் வழிமறித்தார்கள். ஆரம்பத்திலேயே ஒரு ஏஜெண்டின் 9 எம்.எம். குண்டு, பிளாட் என்ற கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போனது. ஆனால் இதயத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான், ஆனாலும் அவன் உடனே விழவில்லை. அதன்பிறகும் ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான். முடிவில் கொள்ளையர் இருவரோடு ஏஜெண்டுகள் இருவரும் இறந்தார்கள், ஐந்து ஏஜெண்டுகள் காயமடைந்தார்கள்.

எட்டுப் பேர் வகுத்த திட்டத்தில் கோளாறா, கையில் இருந்த ஆயுதங்களில் கோளாறா என்று ஆயிரம் கேட்கலாம். எஃப்.பி.ஐ. விரலை நீட்டியது அந்த ஒரு குண்டின் மேல். இனிமேல் குண்டு, சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டினால் தேவையில்லை என்று ஒரு அளவுகோல் வந்தது. கனத்த துணி, சுவர்ப் பலகை, கார்க் கண்ணாடி என்று தடைகளை வைத்துச் சோதித்தார்கள். இன்றைக்குத் தோட்டாப் பெட்டிமேல் எழுதியிருக்கும் ஆழக் கணக்கெல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

அப்புறம் 10 எம்.எம். ஆட்டோ என்ற பெரிய தோட்டாவை எடுத்தார்கள். முழு வேகத்தில் அதன் உதை பலருக்குக் கையில் அடங்கவில்லை. வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்ததும் அதை அடைக்கும் உலோகக் கூட்டுக்குள் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. துப்பாக்கிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தோட்டாக் கம்பெனியான வின்செஸ்டரும் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். 25 மில்லிமீட்டர் கூட்டை 22-க்குள் வெட்டினால் அதே குண்டை அதே வேகத்தில் 9 எம்.எம். பிஸ்டலின் உடம்புக்குள்ளேயே அடக்கிவிடலாம். 1990 ஜனவரியில் .40 எஸ் அண்ட் டபிள்யூ வெளிவந்தது. எஸ், டபிள்யூ என்ற எழுத்துக்களுக்கு 10 எம்.எம். ரசிகர்கள் வைத்த விரிவு 'ஷார்ட் அண்ட் வீக்'. இதில் வேடிக்கை, பெயர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுடையது, ஆனால் ஃபார்ட்டியைக் கடைகளுக்கு முதலில் கொண்டு சேர்த்தது க்ளாக். இரண்டுங்கெட்டான் என்று கிண்டல் செய்யப்பட்ட தோட்டாவை அமெரிக்கப் போலீஸ் துறைகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. 1997-இல் எஃப்.பி.ஐ.யும் எடுத்தது.

சாதாரண ஆட்களிடம் அது பரவ இன்னொரு காரணமும் உண்டு. 1994 முதல் 2004 வரை அமலில் இருந்த மத்தியச் சட்டம், தனியாருக்கென்று புதிதாகச் செய்யும் மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்றது. 9 எம்.எம். பக்கத்தின் பெரிய பலமே நிறையத் தோட்டா பிடிக்கும் என்பதுதான். எப்படியும் பத்துதான் என்று ஆனபிறகு அந்தப் பத்தும் பெரிதாகவே இருக்கட்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அந்தக் கட்டுப்பாடு 2004-இல் காலாவதியாகிவிட்டது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் மாநிலச் சட்டமாக நிற்கிறது. மற்ற இடங்களில் க்ளாக் 17-இல் பதினேழு, க்ளாக் 22-இல் பதினைந்து. அதற்குள் குண்டும் மாறிவிட்டது. மூக்கில் குழியோடு, பட்டதும் விரியும் 'ஹாலோ பாயிண்ட்' குண்டில் 1986-இன் ரகம் வேறு, இன்றையது வேறு. உறையும் ஈயமும் பிரியாமல், சீராக விரிந்து, வேண்டிய ஆழம்வரை போகும்படி செய்கிறார்கள். நல்ல 9 எம்.எம். குண்டு அந்த 12 அங்குலத் தேர்வில் தேறிவிடுகிறது. 2014-இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 9 எம்.எம்.முக்கே திரும்பலாம் என்று காரணங்களை எழுதி வைத்தது. 2016-இல் க்ளாக்குக்கு 9 எம்.எம். ஒப்பந்தம் போனது. ஃபார்ட்டி பிறக்கக் காரணமாக இருந்தவர்களே அதைக் கைவிட்ட பிறகு போலீஸ் துறைகள் பல பின்னாலேயே போயின.

இனி கொஞ்சம் கணக்கு. வழக்கமான 9 எம்.எம். குண்டு 8 கிராம், வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஃபார்ட்டி குண்டு 11.7 கிராம், வினாடிக்குச் சுமார் 300 மீட்டர். ஆற்றலைப் போட்டுப் பாருங்கள்: 490 ஜூல், 526 ஜூல். வித்தியாசம் நூற்றுக்கு ஏழுதான். ஆனால் கையை உதைப்பது ஆற்றல் அல்ல, உந்தம். நிறையை வேகத்தால் பெருக்கினால் ஒன்று 2.8, மற்றது 3.5. அங்கே நூற்றுக்கு இருபத்தைந்து கூடிவிடுகிறது. ஏழு கிடைக்க இருபத்தைந்து கொடுக்கிறோம். (குண்டின் அகலத்தை இதில் சேர்க்கவில்லை என்று ஃபார்ட்டி ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். விரிந்த குண்டுகள் இரண்டையும் மேசையில் வைத்தால் ஃபார்ட்டி கொஞ்சம் பெரிதுதான்.)

இதெல்லாம் காகிதக் கணக்கு. எனக்கு உறைத்தது சுட்டுப் பழகும் ரேஞ்சில். இரண்டையும் வாடகைக்கு எடுத்து, மதுரைக்கார நண்பர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு கஜத்தில் காகிதம். 9 எம்.எம்.மில் பத்து சுட்டேன். உள்ளங்கை வைத்தால் பத்து ஓட்டையும் மறைந்துவிடும். நல்ல சுடுகாரர் இதைப் பார்த்துச் சிரிப்பார், எனக்கு அது போதும். ஃபார்ட்டியில் முதல் இரண்டும் நடுவில் விழுந்தன. மூன்றாவதிலிருந்து ஓட்டைகள் இடப்பக்கம் கீழே இறங்கத் தொடங்கின. பிஸ்டலில்தான் ஏதோ பிசகு என்று சொன்னேன்.

நண்பர் ஒன்றும் பேசாமல் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மித் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். மூன்று வெடித்தன. நாலாவது க்ளிக். வெடிக்காத பிஸ்டலின் மூக்கு, யாரோ தட்டிவிட்டதுபோல் சடக்கென்று கீழே குத்தியது. உதை வரப்போகிறது என்று என் மணிக்கட்டே முன்கூட்டி அழுத்தியிருக்கிறது. "என்னப்பா, துப்பாக்கியா பிசகு?" என்றார். அதே வித்தையை 9 எம்.எம்.மிலும் செய்தார். அதிலும் மூக்கு ஆடியது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நூல் அளவு.

பழகினால் போய்விடும் என்பார்கள். போகும்தான். ஆனால் பழக்கம் இலவசமாக வருவதில்லை. நான் வாங்கும் கடையில் பயிற்சித் தோட்டா ஐம்பது கொண்ட பெட்டி 9 எம்.எம்.மில் 14 டாலர், ஃபார்ட்டியில் 20. மாதம் நாலு பெட்டி சுட்டால் 24 டாலர் வித்தியாசம், வருஷத்துக்கு 288. கூடுதலாகப் பழக வேண்டிய தோட்டாவுக்கே கூடுதல் விலை. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ஃபார்ட்டிக்காரர் பெட்டியைச் சிக்கனமாகத் திறப்பார், குறைவாகப் பழகுவார்.

ஸ்லைடுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஃபார்ட்டி கூடுதல் அடி கொடுக்கும். மாதம் இருநூறு தோட்டா சுடுபவர் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஃபார்ட்டியை வாங்கு என்று நானே சொல்லும் ஆட்களும் உண்டு. போலீஸ் துறைகள் 9 எம்.எம்.முக்கு மாறியபோது கழித்துவிட்ட ஃபார்ட்டி க்ளாக்குகள் பழைய சரக்காகக் கடைகளுக்கு வந்தன. உறையில் தேய்ந்து மேலே வெளுத்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்காது. புதிதோடு ஒப்பிட்டால் விலை நன்றாகவே இறங்கும். அதில் 9 எம்.எம். குழல் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திச் சுடவும் வழியுண்டு. 9 எம்.எம். பிஸ்டலை ஃபார்ட்டியாக்க அப்படி எளிய வழி இல்லை. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சங்கத்தின் துப்பாக்கிப் போட்டிகளில், லிமிடெட் பிரிவில், வலுவான தோட்டாவுக்குக் கொடுக்கும் 'மேஜர்' மதிப்பெண் வேண்டுமென்றால் குண்டு குறைந்தது .40 இருக்க வேண்டும். நடுப்பகுதியை விட்டு அதற்கு அடுத்த பகுதியில் பட்டால் மற்றவருக்கு மூன்று புள்ளி, மேஜருக்கு நாலு. போட்டிக்காரருக்கு அந்த ஒரு புள்ளி பெரிது. 2020-இல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது 9 எம்.எம். அலமாரி துடைத்துவிட்டதுபோல் இருக்க, பக்கத்தில் ஃபார்ட்டிப் பெட்டிகள் சில நாள் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். என் நண்பர் ஃபார்ட்டி வைத்திருப்பதற்குச் சொல்லும் காரணம் அதுதான்.

எனக்குப் போட்டி இல்லை, பத்துத் தோட்டாக் கட்டுப்பாடு உள்ள மாநிலமும் இல்லை. வீட்டில் நான் இல்லாதபோது அதை எடுக்க வேண்டியது என் மனைவி. அவரும் இரண்டையும் சுட்டுப் பார்த்தார். ஃபார்ட்டியில் ஐந்து சுட்டுவிட்டு மீதியை இறக்கி வைத்துவிட்டார். 9 எம்.எம்.மில் மேகசின் தீர்ந்ததும் இன்னொன்று கேட்டார். க்ளாக் 17-ஐ வாங்கினோம். கூடவே அவர் விரல் பட்டால் திறக்கும் பெட்டகம் ஒன்று, பையனுக்கு எட்டாத உயரத்தில்.

கடைசியாக ஒன்று, இரண்டு ரகத்தையும் ஒரே வீட்டில் வைக்க நினைப்பவர்களுக்கு. அன்றைக்கு ரேஞ்ச் மேசையில் இரண்டு பெட்டியும் திறந்து கிடந்தன. பேச்சு வாக்கில் 9 எம்.எம். தோட்டா ஒன்றை ஃபார்ட்டி மேகசினில் அழுத்திவிட்டேன், அது பாட்டுக்கு உள்ளே போனது. ஃபார்ட்டிக் குழலுக்குள் அது உட்காரவும் செய்யும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். குழல் அகலமாக இருப்பதால் கூடு உப்பிப் பிளந்துவிடும். நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். இப்போது நாங்கள் இருவரும் ஒன்றாக ரேஞ்சுக்குப் போனால் அவர் பெட்டி அவர் மேசையில், என் பெட்டி என் மேசையில்.