“தமிழும் இங்கிலீஷும் சரிபாதி”னு சொல்ற இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்

மாசா மாசம் 5ஆம் தேதி காலைல பால் பொங்குறதுக்கு முன்னாடி போன்ல டிங்னு ஒரு மெசேஜ் வரும், 23,400 ரூபா அக்கவுண்ட்ல இருந்து எடுத்தாச்சுனு. என் பொண்ணு செப்டம்பர் கடைசியோட நின்னுட்ட ஸ்கூலுக்குத்தான் அந்தக் காசு, இப்போ டிசம்பர், இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு. சென்னை ஓஎம்ஆர் பக்கம் அடுத்த வருஷ அட்மிஷன் ஆரம்பிச்சிடுச்சு, எங்க அபார்ட்மென்ட் குரூப்லயே நாலு பேர் அந்த ஸ்கூல் எப்படின்னு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல. பேரை போட மாட்டேன், டெபாசிட் இன்னும் அவங்ககிட்டதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

நாங்க ஏன் அங்க போனோம்னா காரணம் தமிழ்தான். எங்க வீட்டுக்காரர் சிவகங்கை பக்கம், பொண்ணுக்கு அப்பத்தான்னா உசுரு, அவங்களுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. புள்ள நல்ல ஸ்கூல்ல படிக்கணும், தமிழும் எழுதப் படிக்கத் தெரியணும்னு தேடிட்டு இருந்தப்ப இவங்க விளம்பரம் கண்ல பட்டுச்சு. ஒரு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர், ஒரு வாரம் சயின்ஸ் தமிழ்ல, அடுத்த வாரம் இங்கிலீஷ்ல, ஐபிங்கிற இன்டர்நேஷனல் பாடத்திட்டம், ப்ரோஷர் அட்டையில பெருசா ஒரு ழ. போய்ப் பார்த்தா வாசல் போர்டுல “பண்ணாட்டுப் பள்ளி”னு எழுதியிருக்கு. மூணு சுழி ண. எங்க வீட்டுக்காரர் அங்கயே சிரிச்சிட்டார், “இது மாட்டுப்பண்ணையா ஸ்கூலா”ன்னு. நான்தான் சும்மா இருங்கன்னு அவர் கையைக் கிள்ளினேன். அன்னிக்கே திரும்பி வந்திருக்கணும்.

பிப்ரவரில இருந்து ஜூனுக்குள்ள கட்டினது மட்டும் சொல்றேன். அப்ளிகேஷன் 2,000, ரெஜிஸ்ட்ரேஷன் 15,000, அட்மிஷன் ஃபீஸ் 50,000, காஷன் டெபாசிட் 30,000, புக்ஸ் யூனிஃபார்ம் 27,500, அப்புறம் “ஸ்கூல் டெவலப்மென்ட்”னு ஒரு 60,000, அதுக்கு ரசீது மட்டும் ஒரு டிரஸ்ட் பேர்ல, “விருப்ப நன்கொடை”ன்னு. யாருக்குங்க விருப்பம்? கட்டலன்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும்னு அந்த அட்மிஷன் கவுன்சிலர் பொண்ணு சிரிச்சிக்கிட்டே சொல்லுச்சு. ஆக மொத்தம் 1,84,500, புள்ள கிளாஸ்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே. வருஷ ஃபீஸ் 2,34,000 தனி.

அப்புறமா படிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன், 2009 கல்வி உரிமைச் சட்டத்துல பிரிவு 13 இதுக்காகவே இருக்கு. அறிவிச்ச ஃபீஸுக்கு மேல எந்தப் பேர்ல வாங்கினாலும் அது கேப்பிடேஷன், அதாவது கட்டாய நன்கொடை, அதைப் போல 10 மடங்கு வரை அபராதம் போடலாம். ஒண்ணாங்கிளாஸ் சேர்க்க புள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ இன்டர்வியூ வைக்கிறதும் தப்பு, முதல் தடவைக்கு 25,000 வரை அபராதம். எங்களை உக்கார வச்சு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டாங்க, கேட்டா அது இன்டர்வியூ இல்லையாம், “ஃபேமிலி இன்டராக்‌ஷன்”. கார் இருக்கா, சொந்த வீடான்னெல்லாம் இன்டராக்‌ஷன்.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன், இதை மட்டும் கவனமா படிங்க. வருஷ ஃபீஸை மொத்தமா கட்ட முடியல, தவணையா கட்டலாமான்னு கேட்டோம். “ஓ தாராளமா மேம், 10 இன்ஸ்டால்மென்ட், ஜீரோ காஸ்ட்”னு ஒரு டேப்லெட்டை நீட்டுச்சு அந்தப் பொண்ணு. பான் நம்பர் போட்டேன், ஆதார் ஓடிபி போட்டேன், அப்புறம் கேமராவைப் பார்த்து “ஒரு தடவை கண்ணை சிமிட்டுங்க மேம்”ன்னுச்சு, சிமிட்டினேன். அவ்ளோதான், ரெண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்துக்கு என் பேர்ல லோன் போட்டாச்சு. கடன்ங்கிற வார்த்தையையோ அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பேரையோ அங்க ஒருத்தர் வாயிலயும் நான் கேக்கல, ஸ்கூல் ஃபீஸ் கட்ட எதுக்கு கண்ணை சிமிட்டணும்னு எனக்கும் அப்ப தோணல. 19 பக்க அக்ரிமென்ட் மெயில்ல ப்ரொமோஷன்ஸ் டேப்ல சேலை ஆஃபருக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவுல கிடந்துச்சு, நாங்க அதைத் திறந்து பார்த்ததே செப்டம்பர்லதான். அதுல முதல் பக்கத்துலயே இருக்கு, மனசு மாறினா இத்தனை நாளுக்குள்ள அசலைக் கட்டிட்டு லோன்ல இருந்து விலகிக்கலாம்னு. ஆர்பிஐ டிஜிட்டல் லோனுக்கெல்லாம் அந்த அவகாசம் கட்டாயம்னு வச்சிருக்கு, நமக்குத் தெரிஞ்சாத்தானே.

ஃபைனான்ஸ் கம்பெனி மே மாசமே முழுக் காசையும் ஸ்கூலுக்குக் குடுத்துடுச்சு. அதுக்கப்புறம் நாம கடன்காரங்க, ஸ்கூல் நல்லா நடந்தாலும் நடக்கலன்னாலும்.

நல்லா நடந்துச்சான்னா, வாரத்துக்கு 3 பீரியட் தமிழ், ஒண்ணொண்ணும் 35 நிமிஷம். ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் சேர்த்து ஒரே ஒரு தமிழ் மிஸ். சயின்ஸ் தமிழ்லன்னு சொன்னதெல்லாம் செடி படத்துக்குப் பக்கத்துல “இலை”ன்னு ஒரு லேபிள் ஒட்டுறதோட முடிஞ்சுது. இத்தனைக்கும் தமிழ்நாட்டுல 2006ல வந்த தமிழ் கற்கும் சட்டப்படி தமிழ் ஒரு பாடமா எப்படியும் சொல்லித்தரணும், தெரு முனைல இருக்கிற ஸ்கூல்ல சாதாரணமா சொல்லிக் குடுக்கிறதை இவங்க ழ போட்டு வித்திருக்காங்க. ஆகஸ்ட்ல அந்த மிஸ்ஸும் நின்னுட்டாங்க, சம்பளம் ரெண்டு மாசம் வரலன்னு கேள்வி. அப்புறம் தமிழ் பீரியட்ல பி.டி. சார் வந்து உக்காந்திருப்பாராம்.

அந்த தமிழ் நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. மூணு மாசத்துல எழுதினது 4 பக்கம். நாலாவது பக்கத்துல என் பொண்ணு வாழைப்பழம் வரைஞ்சு கீழ “வாளைப்பளம்”னு எழுதியிருக்கா, அதுக்கு மேல ஒரு மஞ்சள் ஸ்டார், “குட்”னு சிவப்பு மையில கையெழுத்து.

ஆனா எங்களை வெளிய கொண்டு வந்தது அது இல்ல. கிளாஸ்ல ஒரு ஸ்டார் சார்ட் இருந்திருக்கு, தமிழ்ல பேசினா ஒரு ஸ்டார் போயிடும். ரெண்டு மொழி ஸ்கூல்ல! ஒரு ஞாயித்துக்கிழமை அப்பத்தா போன் பண்ணினப்ப இவ பேசாம போனை என்கிட்ட நீட்டிட்டு, மெதுவா காதுல கேக்குறா, “அம்மா, அப்பத்தாகூட பேசினா ஸ்டார் போயிடுமா”ன்னு. எங்க வீட்டுக்காரர் சோத்துல கை வச்சபடியே உக்காந்துட்டார். மறுநாளே டிசி கேட்டு லெட்டர்.

டிசிக்கு ஒரு கூத்து. பஸ் ஃபீஸ் பாக்கின்னு சொல்லி 2 வாரம் இழுத்தாங்க. ஃபீஸ் வசூல் பண்ண டிசியை ஆயுதமா வச்சுக்கக் கூடாதுன்னு 2024ல சென்னை ஹைகோர்ட் சொல்லியிருக்கு, அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் டேபிள்ல வச்சதும் அரை மணி நேரத்துல சீல் வச்சு கைல குடுத்துட்டாங்க. மீதி ஃபீஸ்? “நான்-ரீஃபண்டபிள் மேம், கண்டிஷன் 14ல சைன் பண்ணியிருக்கீங்க”. ஃபைனான்ஸ்காரங்களைக் கேட்டா “லோனுக்கும் ஸ்கூலுக்கும் சம்பந்தம் இல்ல மேடம்”. பேங்க்ல சொல்லி தவணையை நிறுத்திடலாம்னு எங்க வீட்டுக்காரர் குதிச்சார், தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் தடுத்துட்டார், 2007 பேமென்ட் சட்டம் பிரிவு 25படி அது செக் பவுன்ஸ் மாதிரி கேஸாகலாம், அடுத்து கடன் கேட்டா பார்க்கிற சிபில் ஸ்கோரும் போகும்னு. அதனால கட்டிக்கிட்டே சண்டை போடுறோம். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர்கிட்ட நன்கொடை ரசீதோட மனு குடுத்தாச்சு, லோனை சொல்லாம கொள்ளாம தலைல கட்டினதுக்கு ஆர்பிஐயோட குறைதீர்ப்பாளர், அந்த ஓம்பட்ஸ்மேனுக்கும் போட்டாச்சு. அங்க போறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு எழுதிட்டு 30 நாள் காத்திருக்கணும், அதனால புகாரை போன்ல பேசாதீங்க, மெயில்ல எழுதுங்க.

இன்னொரு வயித்தெரிச்சல், ரசீதுல 2,34,000ல ட்யூஷன் ஃபீஸ்னு போட்டது வெறும் 84,000. மிச்சம் “ப்ரோக்ராம் ஃபீஸ்”. வருமான வரில ட்யூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான் வரி விலக்கு, அதுவும் பழைய முறைல இருந்தா.

ஐபியைச் சொல்ல மறந்துட்டேன். அவங்க “கேண்டிடேட் ஸ்கூல்”தான், அதாவது அங்கீகாரத்துக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க, கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ப்ரோஷர் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல அதைப் போட்டிருந்தாங்க. நீங்க போறப்ப ஐபியோ கேம்பிரிட்ஜோ சிபிஎஸ்இயோ, அந்த போர்டோட சைட்லயே ஸ்கூல் பேரைத் தேடிப் பாருங்க. போகும்போது தமிழ் டீச்சரைக் கூப்பிடச் சொல்லி அஞ்சு நிமிஷம் பேசுங்க, மூணாங்கிளாஸ் புள்ளையோட தமிழ் நோட்டைக் காட்டச் சொல்லுங்க. தவணைன்னா ஸ்கூலுக்கே நேரா பின்தேதி போட்ட செக்கா குடுங்க, பான் கார்டு கேட்டாலே டேப்லெட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க.

பொண்ணு இப்ப வீட்டுக்குப் பக்கத்து மெட்ரிக்ல படிக்கிறா, போன வாரம் பஸ்ல உக்காந்துக்கிட்டு “கேளம்பாக்கம்”னு எழுத்துக் கூட்டி வாசிச்சா. காஷன் டெபாசிட் 60 வேலை நாள்ல வரும்னாங்க, இன்னிக்கு 51. நேத்து அவங்க அட்மிஷன் டீம்ல இருந்து எனக்கே வாட்ஸ்அப், கிரேடு 2க்கு எர்லி பேர்ட் ஆஃபர், சீக்கிரம் புக் பண்ணுங்க மேம்னு. கூடவே வாசல் போட்டோ ஒண்ணு. போர்டை புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க, இப்பவும் அதே மூணு சுழி.