சுவரில் கருப்புப் பூஞ்சை: பிளீச்சிங்கா, மயில்துத்தமா, பெயிண்ட் கடை மருந்தா?

அடைமழை ஓய்ந்து தை பிறந்ததும் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வடக்கு பார்த்த சுவர்களைக் கவனியுங்கள். சன்ஷேடுக்குக் கீழே மை ஒழுகினாற்போல் கருப்புக் கோடுகள், தென்னை நிழல் விழும் இடத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள்.

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். பிளீச்சிங் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் ஓரிரு நிமிடத்தில் வெளுப்பது பூஞ்சை அல்லது பாசி. அப்படியே கருப்பாக நின்றால் புகை, அழுக்கு. வெள்ளையாகப் பொரிந்து உதிர்வது உப்பு; அதற்கு இந்த மூன்றும் உதவாது.

விலை குறைவு, வேகம் அதிகம் என்றால் பிளீச்சிங் பவுடர்தான். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டருக்கு 300 கிராம் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். வண்டலோடு அடித்தால் சுவரில் வெள்ளைப் படலம் நிற்கும். சுவரை நனைத்துவிட்டுக் கீழிருந்து மேலாகப் பூசி, கால் மணி நேரம் காயாமல் வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்த கம்பித் துணுக்கு துருப்பிடித்துப் புதுக் கறை தரும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்து கட்டி தட்டிய பவுடரில் குளோரின் போயிருக்கும், வேலை செய்யாது. ஆசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். தனி ஆசிட்டும் வேண்டாம்: அது சிமென்ட் பூச்சை அரித்துத் துளை விடும், அடுத்த மழைக்குப் பூஞ்சை இன்னும் வசதியாகக் குடியேறும். பிளீச்சிங்கின் குறை ஒன்றுதான். கொல்லும், காவல் நிற்காது.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) காவல் நிற்கும். வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையேதான்: 100 கிராம் துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு நிறம் ஏறுகிறதா? இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். ஆனால் சுவரில் நீலச்சாயல் தங்கிவிடும். மாட்டுக்கொட்டகை, கொல்லை மதில், சுண்ணாம்பு அடிக்கும் பழைய ஓட்டு வீடு, அவ்வளவுதான் இதன் எல்லை. வழிசல் குளத்தில் இறங்கினால் மீன் சாகும்.

பெயிண்ட் அடித்த மாடி வீட்டுக்கு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஆன்டி ஃபங்கல் கரைசலுக்கே எங்கள் ஓட்டு. செலவு கூடத்தான். பிளீச்சிங்கில் கழுவி நன்றாக அலசி, சுவர் காய்ந்தபின் டப்பாவில் உள்ள அளவுப்படி பூசி, கழுவாமல் ஒரு நாள் விடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, சரியாக அலசாமல் இதைப் பூசுகிறார்கள். இந்த மருந்துகள் பலவற்றைச் சோப்பு முறித்துவிடும், காசு தண்டம். அதன் மேல் பிரைமரும் பாசி பிடிக்காத வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டும் பங்குனி, சித்திரை வெயிலில் முடிந்துவிட வேண்டும்.

கொத்தனாரையும் அப்போதே கூப்பிடுங்கள். சன்ஷேடு விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளப் பள்ளம்) இல்லையென்றால், மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து அதே சுவரைத்தான் நனைக்கும். மொட்டை மாடித் தூம்புக் குழாயும் சுவரை விட்டு ஒரு சாண் வெளியே நீண்டிருக்க வேண்டும்.