பம்பு எரிந்துவிட்டது என்று சொன்னால் அப்படியே நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நாம் எல்லோரும் படகைக் கரையேற்றி, வருஷத்து வேலையை மொத்தமாகப் பார்க்கிறோம். அந்த நெருக்கடியில் மெக்கானிக் கிடைப்பதே பெரிய விஷயம். நான் ஏமாந்ததும் அந்த அவசரத்தில்தான்.

படகுக்குள் ஊறும் தண்ணீரை இறைக்கிற 12 வோல்ட் பம்பு ஓடவில்லை. வந்தவர் பலகையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. "மோட்டார் எரிஞ்சு போச்சுண்ணே, புதுசுதான் போடணும்" என்றார். பம்பு, ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி பம்பைத் தானாக ஓடவைப்பது), கூலி எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். பழைய பம்பைத் தன் பையில் போடப் போனார். என் மச்சான் விடாமல் கேட்டு வாங்கி வைத்தான்.

தொழிலுக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது வாரம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், நங்கூரத்தில் நின்ற படகின் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. உள்ளே என்ஜின் அடிவரை தண்ணீர், மேலே எண்ணெய். தண்டு கிளாண்டில், அதாவது விசிறித் தண்டு படகை விட்டு வெளியே போகும் இடத்து அடைப்பில், சொட்டுகிற தண்ணீர்தான். பம்பு ஓடியிருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. நான்கு பேர் வாளியால் இறைத்தோம்.

அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன். சுவிட்சின் மிதவையைக் கையால் தூக்கினேன், சத்தம் இல்லை. சுவிட்சின் இரண்டு வயரையும் நேராகச் சேர்த்தேன், அப்போதும் இல்லை. அதில் ஓடியிருந்தால் சுவிட்ச்தான் கெட்டது என்று அர்த்தம். பம்பு வயரை நேரே பேட்டரியில் வைத்ததும் சர்ரென்று ஓடியது. ஆக, கோளாறு நடுவில்.

இணைப்பில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். செம்புக்கம்பி பச்சையாகப் பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி அரித்துப்போன பழைய வயரையே சுரண்டி, புது பம்போடு முறுக்கி, மறுபடி அதே அடியில் போட்டிருக்கிறார். இதைவிட என் வயிற்றைக் கலக்கியது வேறு: ஃபியூஸ் இருந்த இடத்தில் வெறும் கம்பித் துண்டு. பம்பு விசிறியில் வலை நரம்பு சிக்கி இறுகினால் ஃபியூஸ் போய் மின்சாரம் நின்றுவிடும். கம்பி நிற்காது, வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே டீசல் டேங்க், மேலே ஆட்கள்.

வீட்டில் பழைய பம்பை வாளித் தண்ணீரில் வைத்து பேட்டரி கொடுத்தோம். எதிர்ச் சுவர் வரைக்கும் அடித்தது. அது எரியவே இல்லை.

போன் செய்தால், "உப்புத் தண்ணிக்கு அப்படித்தான் ஆகும்ணே" என்று வைத்துவிட்டார். காசு வரவில்லை. இப்போது ஈயம் பூசிய வயர் வாங்கி, உள்ளே பசை உள்ள சூட்டு ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்) போட்டு, இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். ஃபியூஸை பேட்டரி பக்கத்திலேயே வைத்தாயிற்று.

இந்தத் தடைக்காலத்தில் நீங்களும் பம்பு மாற்றியிருந்தால், இன்றைக்கே பலகையைத் தூக்கி அந்த ஃபியூஸை மட்டுமாவது பாருங்கள்.