டிபிஏ 2.2-ஆ, 3.0-ஆ? சாய்ந்து நின்ற ஓர் ஈட்டிப்படையால் வந்த முடிவு

அங்குலக் கணக்கில் வெட்டி வைத்திருந்த அளவுக்குச்சிகளைப் போன மாதம் பரணில் போட்டுவிட்டேன். டிபிஏ என்ற பொம்மைப் போர் ஆட்டத்தின் 2.2 பதிப்பைப் பத்து வருடமாக ஆடிய குச்சிகள் அவை. இனி எங்கள் மேஜையில் அதன் அடுத்த பதிப்பான 3.0 மட்டும்தான். இரண்டில் எதைப் பிடித்துத் தொடங்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதற்கு என் பதிலைக் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன். நான் 3.0 பக்கம் சாய்ந்தவன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பண்டைக்கால, இடைக்காலப் போர்களைச் சின்னஞ்சிறு பொம்மைகளை வைத்து ஆடுவதற்கான விதித்தொகுப்பு டிபிஏ. டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ் என்ற லத்தீன் பெயரின் சுருக்கம். பில் பார்க்கர் முன்னின்று எழுதியது. இங்கிலாந்தின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1990-இல் வெளியிட்டது. ஒரு படைக்குப் பன்னிரண்டே எலிமென்ட். எலிமென்ட் என்றால் ஒரே அட்டையில் ஒட்டிய சில வீரர்கள். 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு அட்டையின் அகலம் 40 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குத் தகுந்தபடி படையை நகர்த்தலாம். இந்த எண்ணிக்கைக்குத்தான் பிப் என்று பெயர். எதிரியிடம் நான்கு எலிமென்ட் வீழ்ந்து, நம் இழப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் வெற்றி நமக்கு. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். 2.2 வந்தது 2004-இல், 3.0 வந்தது 2014-இல்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டுக்கும் அதே பொம்மை, அதே அட்டை. 3.0-க்கு மாற நான் ஓர் அட்டையைக்கூடப் பெயர்த்து ஒட்டவில்லை. புத்தகம் ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். படைப் பட்டியல்கள் இரண்டிலும் நிறைய இருக்கின்றன. தமிழரையும் சிங்களரையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், யானைகளோடு. என் அக்கா மகன் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே அந்தப் பெயரைப் பார்த்துதான்.

வேகமும் மாறியிருக்கிறது. 2.2-இல் ஈட்டி வரிசை ஒரு முறைக்கு 200 தப்படி நகரும். 15 மில்லிமீட்டர் மேஜையில் அது இரண்டு அங்குலம். 3.0-இல் எல்லாம் அட்டை அகலக் கணக்கு. அதே ஈட்டிக்கு இரண்டு அகலம், அதாவது 80 மில்லிமீட்டர். படைகள் சீக்கிரம் மோதிக்கொள்கின்றன. புதியவர்கள் தடுமாறும் இன்னோர் இடம், படைப் பட்டியலில் வாள், ஈட்டி போன்ற வகைப் பெயருக்கு முன்னால் வரும் எண். அது அட்டையில் ஒட்ட வேண்டிய வீரர்களின் எண்ணிக்கை மட்டுமில்லை. 3.0-இல் மூன்று வீரர் இருக்கும் வாள் எலிமென்ட் வேகமானது, மூன்று அகலம் போகும். நான்கு வீரர் இருந்தால் இறுக்கமானது, இரண்டுதான். இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதித் தகராறு வராது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பார்க்கரின் எழுத்து நடை இந்த ஆட்டக்காரர்களிடையே பிரசித்தம். அதற்கு ‘பார்க்கரீஸ்’ என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு சொல்கூட மிகையாக வராது. ஒரே வாக்கியத்துக்குள் நான்கு நிபந்தனை, இரண்டு விலக்கு. நூற்பா மாதிரி உரையாசிரியர் இருந்தால்தான் பொருள் பிடிபடும். 2.2-க்கு அப்படி ஓர் உரை எழுதியவர்கள் வாஷிங்டன் வட்டார டிபிஏ ஆட்டக்காரர்கள். படம் போட்டு, கேள்வி பதிலோடு, அதிகாரபூர்வமற்ற கையேடு என்று அவர்கள் தயாரித்தது இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் 2.2-ஐ ஆடியே இருக்க முடியாது. 3.0-இல் நடை பெரிதாக மாறவில்லை. ஆனால் விளக்கப் படங்கள் விதிப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டன. தகராறு வரும்போது காட்டுவதற்கு அதே புத்தகம் போதும்.

ஆனால் என்னை மாற வைத்தது படங்கள் இல்லை. சாய்ந்து நிற்கும் எலிமென்ட்.

டிபிஏ-வில் கைகலப்பு என்றால் முன்விளிம்போடு முன்விளிம்பு, மூலையோடு மூலை பொருந்தி நிற்க வேண்டும். நேருக்கு நேர் வரும் வரிசைகளுக்குச் சிக்கலே இல்லை. வரிசை உடைந்த பிறகுதான் எல்லாம் கோணலாகும். எங்கள் கடைசி 2.2 ஆட்டத்தில் நான் ரோமானியர், நண்பர் கார்தேஜ். அவருடைய ஈட்டி வரிசையின் இடது கோடியில் ஓர் எலிமென்ட் மட்டும் முப்பது டிகிரி அளவுக்குத் திரும்பி நின்றது. பக்கத்தில் இன்னோர் ஈட்டி ஒட்டி நின்றது. என் வாள்படை அதற்கு ஒரு விரல்கடை தூரத்தில். என் கையில் பிப் இருக்கிறது, தூரம் இருக்கிறது, முன்னால் தடை எதுவும் இல்லை. ஆனால் மூலையோடு மூலை பொருந்த வேண்டுமென்றால் என் அட்டையின் ஒரு பகுதி அந்தப் பக்கத்து எலிமென்ட் மேல் ஏறும். பொருந்த இடமில்லை என்றால் மோத முடியாது என்று நாங்கள் விதியைப் படித்தோம். கையேட்டையும் புரட்டினோம். நாற்பது நிமிடம் போயிற்று. கடைசியில் நான் அடிக்கவில்லை.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். நேராக, ஒழுங்காக நிற்கிற ஈட்டியை அடிக்கலாம். வரிசை கலைந்து கோணலாக நிற்கிறதை அடிக்க முடியாது. எந்தக் காலத்துப் போர்க்களத்திலும் ஒழுங்கு குலைந்தவன்தான் முதலில் சாவான். இங்கே ஒழுங்கு குலைந்ததே கவசமாகிவிட்டது. நண்பர் அன்று வேண்டுமென்று திருப்பி வைக்கவில்லை, முந்தைய நகர்வில் அப்படி நேர்ந்தது. ஆனால் வேண்டுமென்றே செய்கிறவர்களுக்கு 2.2 இடம் கொடுத்தது என்பது அதை ஆடிய எல்லாருக்கும் தெரியும்.

3.0 இந்த இடத்தில் தெளிவான முடிவு ஒன்றைத் தருகிறது. அடிக்க வருகிறவர் பொருந்தி நிற்க வேண்டும், அதுதான் பொது விதி. அவர் பொருந்த முடியாமல் இடம் தடுத்தால், அடி வாங்குகிறவர் திரும்பிப் பொருந்த வேண்டும். அதுவும் முடியாது, அல்லது மனமில்லை என்றால், பக்கத்தில் எதிரி சூழ்ந்த மாதிரிக் கணக்கு வைத்துச் சண்டை போட வேண்டும். அப்படிச் சூழப்பட்டால் சண்டை எண்ணில், அதாவது கைகலப்பில் பகடையோடு கூட்டும் எண்ணில், ஒன்று குறையும். எந்த வழியில் போனாலும் மோதல் நடந்தே தீரும், கோணலாக நின்றவருக்கு லாபமில்லை. அன்றைய ஆட்டத்தின் நிலையை 3.0 கொண்டு மறுபடி அடுக்கிப் பார்த்தோம். அக்கா மகன் பக்கத்தில் நின்று, “மாமா, இடிச்சா சண்டைதானே? அவ்ளோதானே?” என்றான். அவ்வளவுதான். பகடையை உருட்டினோம்.

த்ரெட் ஸோன் விஷயத்திலும் இதே தெளிவு. ஒவ்வோர் எலிமென்ட்டுக்கும் முன்னால் அதன் அகலமும் ஓர் அட்டை அகல ஆழமும் கொண்ட சதுரம்தான் அது. அதற்குள் மாட்டியவர் என்ன செய்யலாம் என்று 3.0 மூன்றே வழி சொல்கிறது. அந்த எதிரிக்கு நேராகத் திரும்பி நிற்கலாம், அவரை நோக்கி முன்னேறலாம் அல்லது மோதலாம், இல்லையென்றால் நேர் பின்னால் விலகலாம். குறுக்கே நடந்து போக முடியாது. இரண்டு எதிரிகளின் சதுரத்தில் ஒருசேர மாட்டினால் அவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் மேஜையில் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஈட்டிகளுக்கான ஆதரவு விதியும் எனக்குப் பிடித்த மாற்றம். 2.2-இல் ஈட்டிக்குப் பின்னால் இன்னோர் ஈட்டி நின்றால் சண்டை எண்ணில் ஒன்று கூடும். 3.0-இல் அது இல்லை. பக்கத்தில் ஒட்டி நிற்கும் ஈட்டியோ இறுக்கமான வாளோ இருந்தால்தான் ஒன்று கூடும். காலாட்படைக்கு எதிராக வாளின் சண்டை எண் 5, ஈட்டியின் எண் 4 என்பதால் இந்த ஒன்று சாதாரணமில்லை, சமமாக்கிவிடுகிறது. ஹாப்லைட் என்ற கிரேக்க ஈட்டி வீரன் தன் கேடயத்தால் இடப்பக்கத்துக்காரனையும் மறைத்தான். கி.மு. 418-இல் மான்டினியா போரைச் சொல்லும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைத்தான் எழுதுகிறார்: ஒவ்வொருவனும் வலப்பக்கத்துக்காரனின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பதால் படை முழுவதுமே வலது பக்கம் நகர்ந்துகொண்டே போகும் என்று. அடுத்தவன் இருந்தால்தான் நமக்குப் பலம் என்ற அந்த உணர்வு 3.0 மேஜையில் கிடைக்கிறது. வரிசை நீண்டு நிற்கிறது, நடுவில் ஓட்டை விழுந்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனாலும் 2.2 பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. கி.மு. 371-இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் படை ஐம்பது பேர் ஆழத்துக்கு அடுக்கி நின்று ஸ்பார்ட்டாவை உடைத்தது. ஆழத்துக்குப் பலன் உண்டு என்பதைப் பின்னால் நிற்கும் ஈட்டி விதி ஓரளவு காட்டியது. அந்த ஒரு போரை ஆடுவதென்றால் எனக்கு 2.2 நினைவு வரத்தான் செய்கிறது. கவண், எறிவேல் ஏந்திய சைலாய் வீரர்கள் காலாட்படைக்குப் பின்னால் நின்று குதிரைகளுக்கு எதிராகக் கை கொடுப்பதும் 2.2-இல் உண்டு, 3.0-இல் இல்லை. அதை இழந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம், உங்கள் ஊரில் கூட ஆட இருக்கிற நாலு பேரும் 2.2 ஆடுகிறார்கள் என்றால் நீங்கள் மட்டும் 3.0 வாங்கி என்ன செய்வது? அவர்களோடு சேருங்கள், வாஷிங்டன்காரர்களின் கையேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று படைகளைச் சேர்த்து முப்பத்தாறு எலிமென்ட்டோடு ஆடும் பெரிய போர்களை நான் 3.0-இல் இரண்டு முறைதான் ஆடியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கோட்டை, நகர முற்றுகை விதிகளை எங்கள் மேஜை இன்னும் தொட்டதில்லை. கட்டம் போட்ட மேஜையில் சீட்டு எடுத்து ஆடும் டு த ஸ்ட்ராங்கஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் படை ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது, அல்லது இல்லை. கோணல், மூலை என்ற பேச்சே கிடையாது. ஒரே ஒரு மாலைதான் ஆடினேன், சுகமாக இருந்தது. ஆனால் வரிசை மெல்ல வளைவது, ஓர் எலிமென்ட் பின்வாங்கி ஓட்டை விழுவது, அந்த ஓட்டைக்குள் எதிரி நுழைவது எல்லாம் அட்டை அட்டையாகக் கண்ணுக்குத் தெரிவது எனக்கு டிபிஏ-வில்தான். அதற்காகத்தான் மூலைக் கணக்கோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டுகிறேன்.

3.0 தொடங்குகிறவர்கள் முதலில் 40 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பலகைத் துண்டு எடுத்து, இரண்டு, மூன்று, நான்கு அகல நீளங்களில் குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு நாற்பது சதுரம் ஒன்றும் வெட்டுங்கள், த்ரெட் ஸோனை வைத்துப் பார்க்க. முதல் நான்கைந்து ஆட்டம் இரண்டு பக்கமும் ஈட்டியும் வாளும் நிறைந்த படைகளாக எடுங்கள். யானையும் தேரும் அதற்குப் பிறகு வரட்டும். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஆட்டத்திலேயே யானைகளை இறக்கினான், தோற்றான், அடுத்த ஞாயிறும் அதே படையைத்தான் கொண்டு வந்தான்.