விளக்கு வைக்கும் நேரத்தில் கத்தும் விசிறி: ஒரு பிஓஇ சுவிட்சுடன் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் புதிதாக அலுவலகம் திறக்கவிருக்கும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் அதே பிஓஇ சுவிட்சின் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கும் தொலைபேசிக்கும் மின்சாரமும் கொடுக்கும் பெட்டி) விலை நாலாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் அந்தச் சுவிட்ச், மேல்மூடி கழற்றப்பட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் யூபிஎஸ் பழுதுபார்ப்பவர் ஒருவரின் மேசையில் கிடந்தது. அன்றே பதில் சொல்லியிருந்தால் அது நியாயமாக இருந்திருக்காது. இப்போது பெட்டி திரும்பி வந்துவிட்டது. கோபமும் பாதி அடங்கிவிட்டது. மீதிப் பாதியோடுதான் இதை எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது சிறிய வரி ஆலோசனை அலுவலகம். ஒரே கூடத்தை அலுமினியத் தடுப்பு போட்டு மூன்றாகப் பிரித்திருக்கிறோம். முதலில் வைத்திருந்தது விசிறியே இல்லாத எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) சுவிட்ச்; எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து 55 வாட் மட்டுமே கொடுக்கக்கூடியது. நான்கு கேமரா, நெட்வொர்க் கேபிளில் இயங்கும் இரண்டு ஐபி தொலைபேசி, வைஃபை பரப்பும் இரண்டு அக்சஸ் பாயின்ட் என்று எட்டையும் நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் எட்டாவது போர்ட்டில் இருந்த வாசல் கேமரா மட்டும் அணையும், ஓரிரு நிமிடத்தில் தானாக எழும், மறுபடியும் அணையும். கேமரா மாட்டியவர் கேபிளைக் குறை சொன்னார்; கேபிள் இழுத்தவர் கேமராவைக் குறை சொன்னார்; நான் இருவரையும் நம்பி இரண்டையும் மாற்றினேன்.

காரணம் பிறகு, இந்தப் புதிய சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டும் இழுக்கும் வாட்டைத் திரையில் காட்டியபோதுதான் புரிந்தது. பகலில் நாலரை வாட் இழுக்கும் எங்கள் கேமரா, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொண்டு எட்டரை வாட் இழுக்கிறது. நான்கு கேமராவுக்கு 16 வாட் கூட, 42இல் இருந்த மொத்தச் சுமை 58ஆகி 55 வாட் வரம்பைத் தாண்டியிருக்கிறது. வரம்பு தாண்டினால் அந்தப் பழைய பெட்டி கடைசி எண் போர்ட்டைத்தான் முதலில் துண்டிக்கும். துண்டித்ததும் சுமை குறையும், குறைந்ததும் மறுபடி மின்சாரம் கொடுக்கும், கேமரா எழுந்து விளக்கைப் போடும், மறுபடி வரம்பு தாண்டும். இந்தச் சுற்று விடிய விடிய நடந்திருக்கிறது. கேமராவுக்கும் கேபிளுக்கும் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இப்போதைய பதினாறு போர்ட் சுவிட்சை 2022 ஆகஸ்டில் வரியோடு 17,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொரு போர்ட்டும் 802.3ஏடி என்ற பிஓஇ தரப்படி 30 வாட் வரை கொடுக்கும் என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. மொத்தம் 150 வாட் என்பது பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. பதினாறு முப்பது நானூற்றெண்பது என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வாங்குகிறவர் ஏமாறுவார். எல்லா போர்ட்டும் நிரம்பினால் ஆளுக்கு 9 வாட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஒரு முறை சூடு கண்டவன் என்பதால் இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். இப்போது ஆறு தொலைபேசி, ஐந்து கேமரா, இரண்டு அக்சஸ் பாயின்ட் எல்லாம் சேர்ந்து பகலில் ஏறத்தாழ 58 வாட், இரவில் 78 வாட். வரம்பில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. கேமரா ஒன்றுகூட அதன்பின் அணைந்ததில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. எங்கள் உதவியாளர் ஒருவர் அவசரத்தில் தம் மடிக்கணினியை பிஓஇ போர்ட்டில் செருகிவிட்டு, ஏதேனும் எரிந்துவிடுமோ என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை. தரத்துக்கு உட்பட்ட சுவிட்ச், மறுமுனையில் பிஓஇ கருவிக்கு அடையாளமான ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்த்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். எதையும் கேட்காமல் 24 வோல்ட்டைத் தள்ளும் மலிவான ‘பாசிவ்’ வகையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாடிப்படிக் கேமரா உறைந்துபோனால், வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் அணைத்து எழுப்பிவிடலாம். இரவு பதினொரு மணிக்கு ஏணி தேட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை அனுபவித்தவர்கள்தாம் அறிவார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்து பின் அடியோடு நின்றது. அலுவலகத்தைத் திறந்து பார்த்த அன்று சுவிட்ச் ஒரு குறையும் இல்லாமல் எழுந்தது. அதற்கு முந்தைய ஐப்பசி இடியில் பதினோராவது போர்ட் மட்டும் செத்துப்போனது, உண்மை. அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு மறந்துவிட்டோம்.

மறக்க முடியாதது அந்த விசிறிதான்.

நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு விசிறி. அவ்வளவு சிறிய இறக்கைகள் போதிய காற்றைத் தள்ள வேண்டுமானால் வேகமாகச் சுழன்றுதான் ஆக வேண்டும்; வேகமாகச் சுழன்றால் கீச்சென்ற குரல்தான் வரும். பகலில் அது வெயில்காலத்துச் சில்வண்டு போல ஒலிக்கும், பழகிவிடலாம். மாலையில் கேமரா விளக்குகள் எரிந்து சுமை கூடி, உள்ளே சூடு ஏறியதும், விசிறி அடுத்த வேகத்துக்குத் தாவும். கார்த்திகையில் ஆறு மணி வாக்கில், ஆனியில் ஏழு மணியை நெருங்கி, சூரியனைப் பின்தொடர்ந்து அந்த நேரம் நகரும். “விளக்கு வெச்சாச்சு சார்” என்று எங்கள் கணக்காளர் அம்மா சொல்லிச் சிரிப்பார். காது மந்தமான ஓய்வூதியர்கள் படிவம் 16ஐக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்வதை மூன்று முறை கேட்கும் ஜூலை மாதத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. மின்சாரம் போய் வந்தால் இன்னும் மோசம்: இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் சுவிட்ச் அணைந்து எழும், எழும்போது விசிறி முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஊளையிடும், அந்த இரண்டு நிமிடமும் தொலைபேசிகள் ஊமையாகிவிடும். பிறகு சுவிட்சுக்கென்றே ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வைத்தேன். அந்தச் செலவையும் இந்த விசிறியின் கணக்கில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆனி மாதம் ஒரு வாரம் கரகரத்துவிட்டு, ஒரு மாலையில் விசிறி நின்றது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அன்று எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாள் காலையில் வந்தபோது தொலைபேசித் திரைகள் அனைத்தும் இருண்டிருந்தன. இரவு ஏசி இல்லாத மூடிய கூடத்தில் சூடு வரம்பு தாண்டி, சுவிட்ச் தன்னைக் காத்துக்கொள்ள எல்லா போர்ட்டுக்கும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. உத்தரவாதம் முடிய இரண்டு மாதம் இருந்தது. சேவை மையத்தில், சென்னைக்கு அனுப்புங்கள், பதினைந்து முதல் இருபது வேலைநாள் ஆகும், மாற்றுப் பெட்டி தர இயலாது என்றார்கள். தாக்கல் காலத்தில் இருபது வேலைநாள் தொலைபேசி இல்லாத வரி ஆலோசகரை எந்த வாடிக்கையாளர் மன்னிப்பார்? பரணில் கிடந்த பழைய எட்டு போர்ட் சுவிட்சை இறக்கி, கேமராக்களை விட்டுவிட்டுத் தொலைபேசிகளையும் வைஃபையையும் மட்டும் அதில் மாட்டினேன். அலுவலகத்தில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

பழுதுபார்ப்பவர் மூடியைத் திறந்தபோது, விசிறியைச் சுற்றி ஈரப் பஞ்சு போலப் புழுதி அப்பியிருந்தது. திருகுகளின் தலையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்கு வெகு தூரமில்லை. அந்தக் காற்றைத்தான் விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுத்திருக்கிறது. சத்தமில்லாத விசிறி ஒன்று போடச் சொன்னேன். போட்டார், முந்நூற்றைம்பது ரூபாய், கூலி நானூறு. மாட்டி எழுப்பியதும் முன்பக்கத்தில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. விசிறியின் மூன்றாவது கம்பி சுழலும் வேகத்தைச் சுவிட்சுக்குச் சொல்கிறது; மெதுவாகச் சுற்றும் நல்ல விசிறியை இந்தப் பெட்டி செத்த விசிறி என்றே நினைக்கிறது. பழைய வேகத்திலேயே சுற்றுவதைப் போட்டால் விளக்கு அணையும், கூடவே பழைய கூச்சலும் திரும்பும் என்றார் அவர். விளக்கு எரியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, நண்பருக்குப் பதில். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மனசாட்சிப்படி நான்கு கொடுப்பேன். வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். நீங்கள் சொன்ன நான்கு தொலைபேசி, மூன்று கேமரா, ஓர் அக்சஸ் பாயின்ட் ஆகியவற்றுக்கு, என் அளவுகளின்படி, இரவில் 47 வாட் போதும். மொத்தம் 65 வாட்டுக்குக் குறையாத, விசிறி இல்லாத எட்டு போர்ட் சுவிட்சை வாங்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் மாட்டுங்கள். மிச்சமாகும் பணத்தை அசல் செம்புக் கேபிளுக்குக் கொடுங்கள். பழைய 802.3ஏஎஃப் தரத்திலேயே சுவிட்ச் 15.4 வாட் கொடுத்தால் கருவிக்கு உறுதியாக 12.95 வாட்தான் என்று கணக்கிடுகிறார்கள். நடுவில் உள்ளது கேபிளில் சூடாகிப் போவதற்கென்று விட்டது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிளில் இழப்பு இன்னும் கூடும். கடையிலேயே ஒரு கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுடையதை எனக்கே கொடுத்துவிடுங்களேன் என்று நண்பர் விளையாட்டாகக் கேட்டார். மனம் வரவில்லை. இப்போது மாலையில் கூடம் அமைதியாக இருக்கிறது. காது சொன்னதை இனிக் கண்தான் பார்க்க வேண்டும் என்பதால், வாசலில் விளக்கு வைத்ததும் கைப்பேசியில் சுவிட்சின் பக்கத்தைத் திறந்து வெப்பநிலையைப் பார்க்கிறேன். நேற்று 61 டிகிரி.