மிளகாய்க்குக் களைக்கொல்லியைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் 40 சென்டில் பச்சை மிளகாய் நட்டிருந்தேன். நட்ட கையோடு பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை அடித்திருக்க வேண்டும். களை முளைப்பதற்கு முன்னால் அடித்தால்தான் அது பிடிக்கும். மோட்டார் பழுதாகி ஒரு வாரம் போய்விட்டது. அது என் தப்பு. 20ஆம் நாள் போய்ப் பார்த்தால் பாத்தி தெரியாமல் சாரணை, நடுநடுவே கோரை. கை களை எடுக்க எட்டுப் பேராவது வேண்டும், கிடைத்தது இரண்டே பேர்.

சரி என்று மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏற்கெனவே பிரித்திருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு தூளை நிறுத்து, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். "தக்காளிக்கு எல்லாரும் இதைத்தாண்ணே அடிக்கிறாங்க. மிளகாயும் அதே குடும்பந்தானே, ஒண்ணும் ஆகாது." பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே" என்றார். சேர்ந்தால் சேரட்டும் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

நான்காம் நாள் அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளித்தன. வாரம் முடிவதற்குள் கருகிக் கொட்டின. சாரணையும் செத்தது, மிளகாயும் செத்தது. கோரை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

செடியைப் பிடுங்கித் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மருந்தின் பெயரைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தது செய்தித்தாள்தான். திரும்பக் கடைக்குப் போனபோது வேலைக்கார தம்பி வாய் தவறி 'மெட்ரிபூசின்' என்றான். தக்காளி அதைத் தாங்கும், மிளகாயும் கத்தரியும் தாங்காது என்று அதிகாரி விளக்கினார். ஒரே குடும்பம் என்று கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் ஏமாந்தேன். மண்ணிலும் சில வாரம் தங்குமாம். உடனே மறுநடவு வேண்டாம் என்றார்.

கடைக்காரரோ, "என் கடையில வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டார். பதில் இல்லை. பில்லும் அதில் பேட்ச் எண்ணும் இருந்திருந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போயிருப்பேன். பாக்கெட்டைப் பிரிக்காமல் வாங்கியிருந்தால், எந்தப் பயிருக்கு என்று அதிலேயே அச்சிட்டிருப்பதைப் படித்திருப்பேன். அதில் மிளகாய் இல்லை என்பதை அப்போதே பார்த்திருப்பேன்.

ஓரத்தில் மருந்து படாத மூன்று வரிசை தப்பியது. அதற்குப் போன வாரம் கையால்தான் களை எடுத்தோம், கோரையைக் கிழங்கோடு தோண்டி.